மொட்டை மலைன்னு எழுதாதீங்க, அது வரையாட்டோட வீடு

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கமுங்க.

போன வாரம் நம்ம பேப்பர்ல மரக்கன்னு நடறத பத்தி ஒரு செய்தி போட்டிருந்தீங்க. மலைச்சரிவு மொட்டையா கெடந்துச்சு, இப்ப நாலு ஊர்க்காரங்க சேந்து கன்னு வெச்சிருக்காங்க, இனி பச்சையாயிரும்னு எழுதியிருந்துச்சு. நட்டவங்க மனசு நல்ல மனசு, அதுல எனக்கு துளி கூட சந்தேகம் இல்லீங்க. ஆனா போட்டோவ பாத்ததும் எனக்கு வயிறு கலங்கிருச்சு. அது மொட்டை மலை இல்லீங்க ஐயா, புல்வெளி. முட்டி உசரத்துக்கு புல்லு நிக்குது, பின்னால பாறை தெரியுது, மலை மடிப்புல மரம் நெருங்கி நிக்கற சோலைக்காடு கருப்பா கெடக்குது. அந்த மூணும் ஒண்ணா இருக்கற எடந்தான் நம்ம மாநில விலங்கான வரையாடு இருக்கற எடம், அத பத்தித்தான் இந்த லெட்டர், கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

எனக்கு வீடு வால்பாறைல, வேலை கீழ பொள்ளாச்சி பக்கம். பதினொண்ணு பன்னெண்டு பசங்களுக்கு விலங்கியல் நடத்தறேன். வாரத்துல ரெண்டு தடவையாவது அந்த நாப்பது கொண்டை ஊசி வளைவயும் ஏறி எறங்கறவங்கள்ல நானும் ஒரு ஆள். ஆழியார் தாண்டி ஒன்பதாவது வளைவு கிட்ட பஸ்ஸு திரும்பறப்ப சன்னல்கிட்ட உக்காந்தவங்க எல்லாம் எட்டி பாப்பாங்க, ஏன்னா அங்க ரோட்டோர சுவத்து மேலயே வரையாடு நிக்கும். சில நாள் தாயும் குட்டியுமா அஞ்சாறு நிக்கும், சில நாள் ஒத்த கெடா மட்டும் பாறை நுனில நின்னு கீழ ஆழியார் டேம பாத்துட்டு இருக்கும். டூரிஸ்ட் வண்டி நின்னுரும், செல்போன் வெளிய வரும், "ஏதோ காட்டு ஆடுப்பா"ம்பாங்க, கொஞ்சம் தெரிஞ்ச மாதிரி இருக்கறவங்க "இது இமயமலை ஆடு, எப்பவோ அங்க இருந்து வந்தது"ன்னு விளக்கம் சொல்லுவாங்க. அப்புறம் சிப்ஸ் பாக்கெட்ட பிரிச்சு போடுவாங்க.

ஆடுன்னு சொல்றதும் சரியில்ல, இமயமலை ஆடுன்னு சொல்றதும் சரியில்லீங்க. இத மட்டும் கிளாஸ்ல ஒரு முழு பீரியட் எடுப்பேன் நான். ரொம்ப காலமா விஞ்ஞானிங்களே இத இமாலய தார், அரேபிய தார், நீலகிரி தார் (நம்ம வரையாட்டுக்கு இங்கிலீஷ் பேரு அதுதான்)னு மூணு அண்ணந்தம்பி மாதிரி ஒரே பேரினத்துல வெச்சிருந்தாங்க. பாக்கவும் அப்படித்தான் இருக்கும், குட்டையா பின்னால வளைஞ்ச கொம்பு, உருட்டுக்கட்டை மாதிரி ஒடம்பு, செங்குத்து பாறைல வாழ்க்கை. ஆனா 2005ல டிஎன்ஏ எடுத்து பாத்தப்ப கதையே மாறிப்போச்சு. இமாலய தார் வெள்ளாட்டு கூட்டத்துக்கு கிட்ட போச்சு, ஓமன் பக்கம் இருக்கற அரேபிய தார் வட ஆப்பிரிக்காவுல இருக்கற பார்பரி ஆட்டுக்கு கிட்ட போச்சு, நம்ம வரையாடு செம்மறியாட்டு கூட்டத்துக்கு கிட்ட வந்துச்சு! மூணும் மூணு வழி. அப்ப இருந்து நம்மளதுக்கு நீலகிரிட்ராகஸ்னு தனி பேரினம், அந்த பேரினத்துல உலகத்துலயே இது ஒண்ணே ஒண்ணுதான். கூர்ந்து பாத்தா வித்தியாசம் வெளியவே தெரியும், இமாலய தாருக்கு கழுத்தெல்லாம் பெரிய பிடரி மயிரு, நம்மளதுக்கு ஒட்ட வெட்டின மாதிரி குட்டை மயிரு, அதுக்கு நாலு காம்பு, இதுக்கு ரெண்டு.

அப்ப ஏன் மூணும் ஒரே மாதிரி இருக்குன்னு பசங்க கேப்பாங்க. பாறைல பொழைக்கற பொழப்பு ஒண்ணா இருந்தா ஒடம்பும் ஒரே சாயலுக்கு வந்துரும், இல்லைன்னா பழைய பாட்டன் சாயல மூணும் விடாம வெச்சிருக்கும். ரெண்டுல எதுவா இருந்தாலும் சாயல மட்டும் வெச்சு சொந்தம் சொல்லக்கூடாதுங்கறது இங்க தெளிவா தெரியுது.

இந்த எடத்துல இன்னொண்ணு சொல்லணும். பசங்க பரீட்சைல "ஆடு பாறைல ஏறி ஏறி குளம்பு அப்படி ஆயிருச்சு"ன்னு எழுதுவாங்க, நல்லா படிக்கற பையனே எழுதுவான். அப்படி இல்லீங்க. வரையாட்டு குளம்போட ஓரம் கெட்டியா இருக்கும், நடுவுல ரப்பர் மாதிரி மெத்துன்னு இருக்கும், ஓரம் பாறை வெடிப்புல மாட்டிக்கும், நடு வழுக்காம புடிச்சுக்கும். ஒரு தாயாடு வாழ்நாள்ல ஏறி எறங்கி அந்த குளம்ப சம்பாதிக்கல. பொறக்கற குட்டிங்க ஒவ்வொண்ணுக்கும் கொஞ்சம் கொஞ்சம் வித்தியாசம் இருக்கும், சிறுத்தை தொரத்தறப்ப வழுக்குன குட்டி போயிரும், புடிச்சு நின்னது மிஞ்சும், மிஞ்சுனது குட்டி போடும், இப்படி லட்சக்கணக்கான வருஷம். வழுக்கி விழுந்து போன எல்லாத்தோட கணக்கும் அந்த குளம்புல இருக்குன்னு நான் சொல்லுவேன், கிளாஸ் அப்படியே அமைதியாயிரும். ஒன்பதாவது வளைவுல நிக்கற ஒரு குட்டிய பாக்கறப்ப எனக்கு இதுதான் ஞாபகம் வரும்.

சரி, எங்கியோ இருந்த செம்மறி சொந்தக்காரன் இந்த தெக்கு கோடி மலைக்கு எப்படி வந்தான்? இந்த கேள்வி பழசு. சுந்தர் லால் ஹோரான்னு ஒரு மீன் விஞ்ஞானி, 1940கள்ல, வடகிழக்குல இருக்கற மலை ஓடை மீன் சாதிங்க நடுவுல எங்கயும் இல்லாம மேற்கு தொடர்ச்சி மலைல மறுபடி இருக்கேன்னு யோசிச்சு, விந்திய சாத்பூரா மலை வழியா வந்திருக்கும்னு சொன்னாரு. வரையாட்டையும் அந்த லிஸ்ட்டுல சேத்துத்தான் ரொம்ப நாள் பேசுனாங்க, இப்ப அது இமாலய தாரோட தம்பி இல்லைன்னு ஆனதுக்கப்புறம் அந்த கதைய திருப்பி யோசிக்க வேண்டியதாயிருச்சு. ஆனா ஒண்ணு நல்லா தெரியும், காலநிலை ஒரே மாதிரி இருந்ததில்ல. பனியுக காலத்துல, ஒரு இருவதாயிரம் வருஷத்துக்கு முன்னாடி, இங்க பனிப்பாறை ஒண்ணும் மூடல, ஆனா குளுந்து வறண்டு போச்சு, மழை கொறைஞ்சு காடு சுருங்கி புல்லு பரவுச்சு. அப்புறம் சூடாகி மழை கூடுனப்ப காடு திரும்பி மேல ஏறுச்சு, புல்லு உச்சிக்கு ஒதுங்குச்சு.

இத எப்படி கண்டுபுடிச்சாங்கன்னு கேட்டா அதுவே ஒரு அழகுங்க. நீலகிரில உச்சி பள்ளத்துல கருப்பு சதுப்பு மண்ணு இருக்கு, மக்கிப்போன செடி ஆயிரக்கணக்கான வருஷமா அடுக்கடுக்கா படிஞ்சது. அங்க வளர்ற சில புல்லு வகைக்கும் மரத்துக்கும் காத்துல இருந்து கார்பன் எடுக்கற முறை வேற, அதனால கார்பனோட சாயல் வேற. ஒவ்வொரு அடுக்கையும் எடுத்து பாத்தா அந்த காலத்துல அங்க புல்லு இருந்துச்சா மரம் இருந்துச்சான்னு தெரிஞ்சிரும். 1993ல அந்த ஆராய்ச்சி வந்துச்சு. இருவதாயிரம் வருஷத்துக்கு முன்னாடியே அங்க புல்லு நின்னுருக்கு. வெள்ளக்காரன் காட்ட வெட்டுனதால வந்த புல்லு இல்ல, மாடு மேச்சதால வந்த மொட்டை இல்ல. மனுசன் கோடாலி தூக்கி மேல போறதுக்கு எவ்வளவோ முன்னாடியே அது புல்வெளிதான். இப்பவும் மார்கழி தைல உறைபனி விழறப்ப தொறந்த வெளில முளைக்கற சோலை மரக்கன்னு கருகிப்போகும், அதனாலதான் சோலை மடிப்புக்குள்ளயே ஒதுங்கி நிக்குது, மேட்டுல புல்லு நிக்குது. சோலையும் புல்லும் அந்த மேட்ட பங்கு போட்டுட்டு வாழுதுங்க.

அப்ப புல்லு உச்சிக்கு ஒதுங்குனப்ப, புல்ல நம்புன வரையாடும் அங்கங்க ஒதுங்கிருச்சு. கீழ காடு, காட்டுக்கு கீழ சமவெளி, நடுவுல உச்சி மட்டும் தீவு மாதிரி. நீலகிரில ஒரு கூட்டம், ஆனைமலைல ஒரு கூட்டம், பழனி மலைல, மேகமலைல, அப்படியே தெக்கால அகத்தியமலை தாண்டி மகேந்திரகிரி வரைக்கும் முத்து முத்தா கெடக்குது. வானத்துல தீவுன்னே விஞ்ஞானிங்க சொல்றாங்க. பெரிய வெட்டு பாலக்காட்டு கணவாய், முப்பது நாப்பது கிலோமீட்டர் அகலம். பொள்ளாச்சி உடுமலைக்காரங்களுக்கு அது தெரிஞ்ச சங்கதி, ஆடி மாசம் அந்த சந்துல புகுந்து வர்ற காத்துதான் நம்ம காத்தாலை எல்லாத்தையும் சுத்துது. மனுசனுக்கு ரோடும் ரயிலும் போற சுலபமான வழி, ஆனா ஒசக்க இருக்கற ஜீவனுக்கு அது கடல்.

அந்த கடல் என்ன பண்ணும்னு காட்ட நான் ஒரு குருவிய சொல்லுவேன். சோலைக்குள்ள தரைகிட்ட தத்தி தத்தி திரியற சின்ன குருவி, சோலைக்கிளின்னு பேரு. கணவாய்க்கு வடக்க நீலகிரி பக்கம் இருக்கறதுக்கு விலாப்பக்கம் செம்பழுப்பு, தெக்க ஆனைமலை பழனி பக்கம் இருக்கறதுக்கு வயிறு வெள்ளை. பறக்கத் தெரிஞ்ச குருவிதான், ஆனா கீழ எறங்கி சூடான சமவெளிய தாண்டாது, அதனால ரெண்டு பக்கமும் தனித்தனியா பிரிஞ்சு ரெண்டு சாதியாவே ஆயிருச்சு. 2017ல இதுக்கு ஒரு புது பேரினப் பேரு வெச்சாங்க, ஷோலிகோலா. நம்ம சோலைங்கற சொல்லு அறிவியல் பேருல போய் உக்காந்திருக்குது, எனக்கு அத போர்டுல எழுதறப்ப எல்லாம் சந்தோசமா இருக்கும்.

றெக்கை இருக்கற குருவிக்கே இப்படின்னா நாலு காலு வரையாட்டுக்கு எப்படி இருக்கும்னு யோசிச்சு பாருங்க. நம்ம ஊர்ல சொந்தத்துக்குள்ளயே தலைமுறை தலைமுறையா பொண்ணு எடுத்தா கொழந்தைக்கு ஆகாதுன்னு இப்ப எல்லாருக்கும் தெரியும். ஒரு சின்ன உச்சில முப்பது நாப்பது வரையாடு மட்டும் மாட்டிக்கிட்டா அதுங்களுக்கும் அதே கதிதான். பக்கத்து உச்சிக்கு போய் வர ஒரு புல்லுப்பாதை இருந்தா ஒரு கெடாவாவது மாறி போகும், அது நடுவுல மரத்தோட்டம் வந்தா போகாது.

இங்க பெரும்பாலும் ஒரு தப்பு நடக்குது. வரையாடுன்னா குளிர் பிரதேச மிருகம், ரெண்டாயிரம் மீட்டருக்கு மேலதான் இருக்கும்னு நெனச்சுக்கறாங்க. ஆனா எங்க ஒன்பதாவது வளைவுல வேர்க்குதுங்க ஐயா, மத்தியானம் ரோட்டு தார் கையில ஒட்டும், அங்கயும் வரையாடு நிக்குது. முந்நூறு மீட்டர்ல இருந்து ரெண்டாயிரத்தி அறுநூறு மீட்டர் வரைக்கும் இருக்குதுங்க. அப்ப அதுக்கு வேண்டியது குளிர் இல்ல, பாறையும் பாறைய ஒட்டுன புல்லும். தொறந்த எடத்துல மேயும், ஒண்ணு தலைய தூக்கி காவல் பாக்கும், செந்நாயோ சிறுத்தையோ தெரிஞ்சா விசில் அடிச்ச மாதிரி ஒரு சத்தம், அடுத்த நிமிசம் கூட்டமே செங்குத்து பாறைல நிக்கும். தொறந்த புல்லு இல்லைன்னா அதோட கண்ணு வேலை செய்யாது, பாறை இல்லைன்னா அதோட காலு வேலை செய்யாது. வயசான கெடாவுக்கு முதுகுல வெள்ளி சேணம் போட்ட மாதிரி ஒரு பட்டை வரும், அப்படி ஒண்ணு அக்காமலை புல்வெளி பக்கம் மூடுபனி வெலகறப்ப நிக்கறத ஒரே ஒரு தடவை பாத்திருக்கேன், அனுமதியோட ஒரு கணக்கெடுப்புக்கு கூட போனப்ப. பக்கத்துல இருந்தவங்க யாரும் பேசல.

தமிழ் பேருக்கும் ஒரு வரி எழுதிர்றேன். வரைன்னா மலை, பாறை. சங்கப்பாட்டுல இத வருடைன்னு சொல்லியிருக்காங்க. மலைய விட்டு இந்த மிருகத்த யோசிக்கவே நம்ம ஆளுங்களுக்கு தோணல பாருங்க.

இப்ப சிலர் கேப்பாங்க, மிருகம்னா புது எடத்துக்கு பழகிக்காதா, எங்கயாச்சும் கொண்டு போய் விட்டா பெருகாதான்னு. பெருகறதும் உண்டு. அந்த இமாலய தாரையே எடுத்துக்கோங்க, 1904ல நியூசிலாந்துல கொண்டு போய் விட்டாங்க. அங்க சிறுத்தை இல்ல, செந்நாய் இல்ல, தொடர்ச்சியா பெரிய மலைத்தொடர், ஆயிரக்கணக்குல பெருகி அந்த ஊரு மலைச்செடி எல்லாத்தையும் மேஞ்சு தள்ளி, இப்ப அரசாங்கமே சுட்டு கொறைக்க வேண்டியதாயிருக்கு. நம்ம வரையாட்டுக்கு அப்படி போறதுக்கு எடம் எங்க இருக்கு? மேல ஏற உச்சி முடிஞ்சு போச்சு, கீழ டீத்தோட்டமும் ரோடும். பூமி சூடாகறதுல காடு இன்னும் மேல ஏறுனா புல்லு இன்னும் சுருங்கும். அதனாலதான் இருக்கற புல்ல விடக்கூடாதுன்னு கெஞ்சறேன்.

புல்லு போனது எப்படின்னு பெரியவங்களுக்கு தெரியும். வெள்ளக்காரங்க காலத்துல வெறகுக்குன்னு சீகை மரமும் கற்பூர மரமும் நீலகிரிக்கு வந்துச்சு, வாட்டில்னு சொல்றது இந்த சீகைதான். சுதந்திரத்துக்கு அப்புறம் தோல் பதனிட பட்டை வேணும், ரேயான் துணிக்கு கூழ் வேணும்னு மேட்டு புல்வெளில எல்லாம் வரிசையா நட்டாங்க. அப்ப யாருக்கும் அது தப்புன்னு தோணல, ஏன்னா கணக்குல அது சும்மா கெடக்கற நெலம். சோலை மரக்கன்னு பயப்படற அளவுக்கு உறைபனிக்கு சீகை பயப்படாது, அதோட வெதை மண்ணுக்குள்ள பல பத்து வருஷம் உசுரோட கெடக்கும், ஒரு மரத்த வெட்டுனா நூறு முளைக்கும், கீழ புல்லு வெயில் இல்லாம செத்துரும். பழனி மலைல மட்டும் நாப்பது வருஷத்துல மூணுல ரெண்டு பங்கு புல்வெளி போயிருச்சு, செயற்கைக்கோள் படத்த வெச்சு 2018ல சொன்னாங்க. கொடைக்கானல் போறவங்க பைன் காடு முன்னாடி நின்னு போட்டோ எடுக்கறாங்க, அந்த எடம் முன்னாடி என்னவா இருந்துச்சுன்னு சொல்றதுக்கு அங்க ஒரு போர்டாவது இருக்கலாம்.

போன வருஷம் ஒரு பள்ளிக்கூடத்துல பேச கூப்பிட்டாங்க, பேரு வேண்டாம். மேட்டு புல்வெளில பசங்கள கூட்டிட்டு போய் ஆயிரம் கன்னு நட பிளான் போட்டிருந்தாங்க. நான் வேண்டாம்னு சொன்னதும் ஒரு பொண்ணு எந்திரிச்சு "மரம் நட்டா தப்பா மிஸ்"னு கேட்டுச்சு, கண்ணுல தண்ணியே வந்துருச்சு அதுக்கு. அதுக்கு சின்ன வயசுல இருந்து நம்ம எல்லாரும் சேந்து மரம்னா நல்லது, மரம் இல்லாத எடம்னா கெட்டதுன்னு சொல்லிக் குடுத்திருக்கோம், பாடப்புத்தகம், டிவி, பேப்பர் எல்லாம். மரம் நடறது தப்பு இல்ல கண்ணு, வீட்டுல கெணத்துக்கு மேல கட்டில் போட மாட்டோம்ல, அந்த மாதிரி எடம்னு ஒண்ணு இருக்குன்னு சொன்னேன். அந்த புல்லுதான் மழைத்தண்ணிய பஞ்சு மாதிரி புடிச்சு வெச்சு கோடைல ஓடைக்கு விடுது, நம்ம ஆழியாறும் மேல அப்படித்தான் பொறக்குது. அன்னைக்கு அவங்க பிளான மாத்தி பள்ளிக்கூட வாசல்லயும் ரோட்டோரத்துலயும் நட்டாங்க, நல்லாவும் வளந்திருக்கு.

நல்ல செய்தியும் இல்லாம இல்லீங்க. மாநில விலங்குன்னு சும்மா பேருக்கு வெச்சிருந்த நெலமை மாறி, 2023ல தமிழ்நாடு அரசு இதுக்குன்னே தனி திட்டம் ஆரம்பிச்சுது, 25 கோடிக்கு மேல ஒதுக்கி, புல்வெளிய மீக்கறதும் அந்த திட்டத்துலயே இருக்குது. அக்டோபர் 7 வரையாடு தினம், 1975ல இத முறையா ஆராஞ்ச முன்னோடிங்கள்ல ஒருத்தரான இ.ஆர்.சி. டேவிதார் ஐயா நெனவா வெச்சது. 2024 கணக்கெடுப்புல நம்ம மாநிலத்துல 1,031 இருந்துச்சு, 2025ல கேரளாவும் சேந்து ஒரே நேரத்துல எண்ணுனப்ப நம்ம பக்கம் 1,303, அவங்க பக்கம் 1,365, மொத்தம் 2,668. ஏறிருச்சுன்னு சந்தோசப்பட்டாலும் எண்ணுன எடமும் கூடியிருக்குன்னு ஞாபகம் வெச்சுக்கணும். உலகத்துல மொத்தமே இவ்வளவுதாங்க, எங்க ஊர் திருவிழாவுக்கு ஒரு நாள் ராத்திரி இத விட கூட்டம் வரும்.

மூணாறு பக்கம் இருக்கற இரவிகுளம் தேசியப் பூங்கால கேரளாக்காரங்க குட்டி போடற சமயத்துல பார்க்கையே மூடிர்றாங்க, டிக்கெட் காசு போனா போகுதுன்னு. எங்க ஒன்பதாவது வளைவு ரோடு, மூட முடியாது. ஆனா அங்க ஒரு ஆள் நிரந்தரமா நின்னா வண்டிய நிறுத்தி சிப்ஸ் போடறத தடுக்கலாம். புல்லு செமிக்கறதுக்கு உண்டான வயிறு அது, மைதா பிஸ்கட்டும் உப்பு சிப்ஸும் அதுக்கு உண்டானது இல்ல, ரோட்டுல சாப்பாடு கெடைக்கும்னு பழகுன தாய் குட்டியையும் ரோட்டுக்கே கூட்டிட்டு வரும், பாறைல வழுக்காத குட்டி பஸ் சக்கரத்துகிட்ட என்ன பண்ணும்?

உங்ககிட்ட நான் கேக்கறது சின்ன விசயந்தாங்க ஐயா. இனிமே இந்த மாதிரி செய்தி வந்தா மொட்டை மலை, தரிசு, சும்மா கெடக்கற சரிவுன்னு போடாம மலைப்புல்வெளின்னு போடுங்க. நிருபர் தம்பிங்க அங்க போறப்ப என்ன மரம் நடறாங்க, நடறதுக்கு முன்னாடி அங்க என்ன புல்லு இருந்துச்சுன்னு ஒரு கேள்வி கேட்டு எழுதட்டும். சீகை மரத்த புடுங்கி திரும்ப புல்லு நடற வேலையும் மேல நடந்துட்டு இருக்கு, ஒரு ஞாயித்துக்கெழமை அதுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்க, படம் பாக்க பெருசா இருக்காது, குனிஞ்சு புல்லு நடறவங்கதான் தெரிவாங்க.

தை மாசி குட்டி போடற நேரம். பொள்ளாச்சில இருந்து மேல ஏறி வர்றவங்க ஒன்பதாவது வளைவுக்கு முன்னாடியே கியர கொறைச்சுக்கோங்க, ஹாரன் அடிக்காதீங்க, பெரும்பாலும் தாய் ரோட்ட தாண்டி முடிச்சிருக்கும், குட்டி இன்னும் சுவத்து மேலதான் நிக்கும்.

இப்படிக்கு,
ஒரு விலங்கியல் ஆசிரியை,
வால்பாறை.